வெட்டிய விறகு, வாசல் வரை

ராத்திரி ஒன்பதரைக்கு ஆபீஸ் வண்டி கொளத்தூர் வரும், பெருங்குடி போய்ச் சேரப் பதினொன்றாகிவிடும், அப்புறம் விடியும்வரை எப்போதோ செத்துப்போனவர்களின் சொத்துக் கணக்கைப் படிப்பதுதான் என் வேலை. அமெரிக்காவின் பழைய கவுன்ட்டி கோர்ட் ஏடுகளை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். கவுன்ட்டி என்றால் நம்ம தாலுகா மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உயில், பாகப்பிரிவினை, சாமான் பட்டியல், ஏலக் கணக்கு, எல்லாம் கையெழுத்தில் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்து, யாருக்கு யார் என்ன உறவு, யாருக்கு என்ன போனது என்று கட்டங்களில் நிரப்ப வேண்டும். பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு, பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள். முதல் மூன்று மாதம் பூச்சி ஊர்ந்த மாதிரிதான் தெரிந்தது. இப்போது ஒரு பக்கத்தைப் பார்த்ததும் எழுதினவர் அவசரத்தில் இருந்தாரா என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

அந்த உயில்கள் ஆரம்பிக்கும் விதம் எனக்கு முதலிலேயே பிடித்துப்போனது. கடவுள் பெயரால் ஆமென் என்று தொடங்கி, நான் உடல் தளர்ந்திருந்தாலும் மனமும் நினைவும் தெளிவாக இருக்கிறேன் என்று ஒரு வரி வரும். நம்ம ஊர் உயிலிலும் பத்திரத்திலும் 'நல்ல நினைவோடும் சுயபுத்தியோடும் பிறர் தூண்டுதல் இல்லாமல்' என்று பத்திர எழுத்தர் போடுவாரே, அதேதான். பென்சில்வேனியாவில் ஒரு விவசாயி சொன்னதும் பெரம்பூரில் என் ஆயா சொன்னதும் ஒரே வாக்கியம். அதற்கு அடுத்த வரியிலிருந்துதான் இரண்டும் பிரிகின்றன. எதில் பிரிகின்றன என்று ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே கிராமத்தில் அப்பனுக்கு வயதாகி ஏர் பிடிக்க முடியாமல் போனால், பல குடும்பங்களில் அவர் சாகும்வரை காத்திருக்க மாட்டார்கள். நிலத்தை ஒரு மகன் பெயருக்கு எழுதிவிட்டு, அதே நாளில் மகனிடம் ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்குவார்கள். அதில் இருப்பதைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். அப்பா அம்மா இருவருக்கும் வருஷத்துக்கு இத்தனை புஷல் கோதுமை, இத்தனை புஷல் மக்காச்சோளம் (ஒரு புஷல் கிட்டத்தட்ட 35 லிட்டர்), இத்தனை பவுண்டு பன்றிக்கறி, ஆப்பிள் தோட்டத்திலிருந்து இவ்வளவு பழம், ஒரு பசுவுக்குத் தீனி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக ஒரு குதிரை. வீட்டில் எந்த அறை இவர்களுக்கு என்றுகூட இருக்கும். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் குடும்பங்களில் இது இன்னும் விரிவாக இருக்கும், காய்கறித் தோட்டத்தில் எவ்வளவு இடம், ரொட்டி சுடும் அடுப்பை உபயோகிக்கும் உரிமை என்று ஒன்றையும் விடமாட்டார்கள். மகன் எழுதினபடி செய்யத் தவறினால் நிலம் கையை விட்டுப் போகும்படி, பல இடங்களில் அந்த நிலத்தையே பெற்றவர்களிடம் அடமானமாகத் திருப்பி எழுதிக் கொடுத்திருப்பான்.

இதில் அடிக்கடி வரும் ஒரு வரி உண்டு. விறகு, அளவாக வெட்டி, வாசல் வரை கொண்டுவந்து போடப்பட வேண்டும் என்பது. விறகு தருகிறேன் என்று மட்டும் எழுதினால் போதாது. காட்டில் கிடக்கும் மரமும் விறகுதான். எழுபது வயதுக் கிழவி பனியில் போய் அதை வெட்ட முடியுமா? அதனால் அடுப்பில் வைக்கிற அளவுக்கு வெட்டியிருக்க வேண்டும், வாசலில் கிடக்க வேண்டும். இதை எழுதச் சொன்னவர் தன் மகனை நன்றாக அறிந்தவர். அவன் கெட்டவன் என்பதால் எழுதச் சொல்லவில்லை. நாளைக்கு அவனுக்குக் கல்யாணமாகும், பிள்ளை பிறக்கும், கடன் வரும், ஒரு ஜனவரி மாதம் விறகு மறந்துபோகும். அப்படி மறந்துபோகும் அந்த ஒரு மாதத்துக்காகத்தான் அந்த வரி.

இதைப் படித்த முதல் ராத்திரி எனக்கு வேலை ஓடவில்லை. ஆயா ஞாபகம் வந்துவிட்டது.

ஆயா என்றால் அம்மாவின் அம்மா. தாத்தா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டர். ஆயாவின் நகையை விற்று அயனாவரத்தில் முக்கால் கிரவுண்டு வாங்கினார்கள், அதனால் மனை ஆயா பெயரில்தான் இருந்தது. ஓட்டு வீடு, பின்னால் ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம். தாத்தா போன பிறகு 1994இல் இரண்டு மாமாக்கள் பெயருக்கும் ஆயா செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தாள். அப்போது எனக்குப் பத்து வயது, ஸ்கூல் லீவு, என்னையும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெளியே மரத்தடியில் பத்திர எழுத்தர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பத்திரத்தைப் படித்துக் காட்டிவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார், இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. "ஆயுள் பாத்தியம் வெச்சு எழுதிடலாமாம்மா? நீங்க இருக்கிற வரைக்கும் வீட்ல உங்களுக்கு உரிமைன்னு ஒரு வரி சேத்துக்கலாம்." ஆயா சிரித்தாள். "பெத்த புள்ளைங்ககிட்ட அக்ரிமென்ட் போடுவாங்களா?" என்றாள். மாமாக்களும் சிரித்தார்கள். அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். ஆயாவின் கட்டைவிரலில் மை தடவி உருட்டினார்கள், அந்த மையை அவள் தலையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள்.

1997இல் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டினார்கள், ஆளுக்கு ஒன்று. ஆயாவுக்கு முறை வைத்தார்கள். ஒரு மாசம் பெரிய மாமா வீடு, ஒரு மாசம் சின்ன மாமா வீடு. முப்பத்தொன்று இருக்கிற மாசத்தில் அந்த ஒரு நாளுக்குப் பேச்சு வரும். ஒரு டிரங்குப் பெட்டியோடு அவள் முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் ஏறி இறங்கினாள். யாரும் அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கீசர் போட்டால் கரன்ட் பில் ஏறுகிறது என்று ஒருமுறை யாரோ சொன்னார்கள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்கள். அன்றையிலிருந்து மார்கழியிலும் ஆயா பச்சைத் தண்ணீரில் குளித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் அம்மாவுக்கு அது தெரிந்தது. அண்டாவில் வெந்நீர் போட்டுக் கொடுத்ததும் குளியலறையிலிருந்து ரொம்ப நேரம் அவள் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினால், "வெந்நி நல்லா இருக்குடி" என்றாள்.

அளவாக வெட்டி, வாசல் வரை. அந்த வரி என்னை ஏன் உலுக்கியது என்று இப்போது புரியும்.

அமெரிக்காவில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அங்கே அப்போது கல்யாணமான பெண்ணுக்குச் சொத்தின் மேல் அதிகாரமே கிடையாது, கல்யாணத்தோடு அவளுடைய சாமான், காசு எல்லாம் புருஷனுடையதாகிவிடும். இந்தச் சட்டத்தை மாநிலம் மாநிலமாகத்தான் மாற்றினார்கள், 1839இல் மிசிசிப்பியில் ஒரு தொடக்கம், 1848இல் நியூயார்க். புருஷன் செத்தால் அவருடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை அவள் சாகும்வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. பல உயில்களில் 'அவள் என் விதவையாக இருக்கும்வரை' என்று ஒரு வார்த்தை சேர்த்திருப்பார்கள். மறுகல்யாணம் செய்தால் அதுவும் போச்சு.

அந்த மூன்றில் ஒன்றைப் பிரித்துக் கொடுக்க அக்கம்பக்கத்து ஆட்களைக் கோர்ட் நியமிக்கும், அவர்கள் வந்து வீட்டையே அளப்பார்கள். கிழக்குப் பக்கத்து அறை, நிலவறையில் பாதி, கிணற்றுக்குப் போய்வரும் வழி, அடுப்பில் ரொட்டி சுடும் உரிமை, இவ்வளவும் விதவைக்கு என்று எழுதுவார்கள். நம்ம பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 'பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பாத்தியம், வடபுறச் சந்தில் நடைபாத்தியம்' என்று நம்மவர்களும் இதே கவனத்தோடு எழுதியிருக்கிறார்கள். அண்ணன் தம்பிக்குள் நடைபாத்தியம் எழுத நமக்குக் கூச்சமில்லை. பெற்ற தாய்க்கு எழுதுவதென்றால்தான் அது அவமானமாகிவிடுகிறது.

சாமான் பட்டியல்தான் என்னை அதிகம் உட்கார்த்தி வைக்கிறது. ஒருவர் செத்ததும் அக்கம்பக்கத்தவர் இரண்டு மூன்று பேர் வந்து வீட்டில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் விலை போடுவார்கள். ஏர், சங்கிலி, கோடாலி, பசு, கன்று, இறகு மெத்தை, நூல் நூற்கும் ராட்டினம், இரும்புச் சட்டி, உடைந்த நாற்காலி வரைக்கும் இருக்கும். இறகு மெத்தைக்கு நல்ல விலை, வீட்டுச் சாமான்களில் அதுதான் முக்கியமான ஒன்று. கடன் இருந்தால் முற்றத்திலேயே ஏலம் நடக்கும். அந்த ஏலக் கணக்கில் வாங்கியவர் பெயருக்கு நேராக 'விதவை' என்று வரும். சட்டி, விதவை. ராட்டினம், விதவை. தான் தினம் சமைத்த சட்டியை, ஒருவேளை தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்ததாகவே இருக்கலாம், அந்தப் பெண் ஊர் பார்க்க முற்றத்தில் நின்று காசு கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறாள். அந்த வரிகளைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம் கை கொஞ்சம் நின்றுதான் போகிறது.

இந்த ஒரு விஷயத்தில் நம்ம ஆயாக்கள் பரவாயில்லை. சீதனம் பெண்ணுக்கே என்பது நம்மிடம் பழைய சட்டம். அதைவிட, பாத்திரத்தில் பெயர் வெட்டும் பழக்கம். எங்கள் வீட்டில் ஆயாவின் பித்தளை அண்டா இருக்கிறது, கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக அவள் பெயரும், அவள் அப்பா பெயரின் முதலெழுத்தும், 1951 என்ற வருஷமும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கிவிட்டது, ஆனாலும் விரலால் தடவினால் தெரியும். மாடி மாடியாக மாறியபோது அவளிடம் எழுத்தில் இருந்த ஒரே உரிமை அந்த அண்டாதான்.

இன்னொரு வகைப் பட்டியல் உண்டு. தெற்கு மாநிலங்களில் இருந்து வருவது. அதில் மாடு, கோவேறு கழுதைக்கு மேலேயோ கீழேயோ மனிதர்கள் இருப்பார்கள், பெயரின் முதல் பகுதி மட்டும், பக்கத்தில் வயது, விலை. கைக்குழந்தைக்கும் விலை. எஜமான் ஒருவர் செத்தால் அவருடைய பிள்ளைகளுக்குப் பங்கு பிரியும். அந்த அடிமைக் குடும்பங்களிலோ தாய் ஒரு பக்கம் மகள் ஒரு பக்கம் போவார்கள். மூத்த மகனுக்கே எல்லா நிலமும் என்ற இங்கிலாந்து வழக்கத்தை வர்ஜீனியாவில் ஒழிக்கச் சட்டம் எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன், பின்னால் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். அவர் 1826இல் பெருங்கடனோடு இறந்தார். அவர் உயிலில் விடுதலை தந்தது தன் அடிமைகளில் ஐந்து பேருக்குத்தான், அடுத்த ஜனவரியில் மான்டிசெல்லோ என்ற அவருடைய பண்ணையில் 130 பேரை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடன்காரர்களுக்குத் தர வேண்டிய பணம் மனித உடம்பிலிருந்து வந்தது. இந்த ஏடுகளை நான் வேகமாகத் தட்ட மாட்டேன். அந்தப் பெயரைத் தேடி இன்று ஒரு பேரன் பேத்தி வரலாம், ஓர் எழுத்து பிசகினால் கிடைக்காமல் போகும்.

ஜார்ஜியாவில் ஹேன்காக் கவுன்ட்டியில் டேவிட் டிக்சன் என்ற பெரிய பருத்திப் பண்ணைக்காரர் இருந்தார். அவருடைய அம்மாவின் வீட்டில் அடிமையாக இருந்த ஜூலியா என்ற சிறுமிக்கு அவரால் 1849இல் ஒரு மகள் பிறந்தாள், அமாண்டா. அந்தச் சிறுமிக்கு நடந்ததை எந்த உயிலும் நேர் செய்ய முடியாது. ஆனால் 1885இல் டிக்சன் இறந்தபோது சொத்தில் பெரும்பகுதியை, ஆயிரக்கணக்கான ஏக்கரை, அமாண்டாவுக்கு எழுதியிருந்தார். வெள்ளை உறவினர்கள் கூட்டமாக வழக்குப் போட்டார்கள். 1887இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் உயில் செல்லும் என்றது. எழுத்தில் இருந்ததால் நின்றது. வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்த மண்ணில், அந்த வருஷங்களில், அவளுக்கு ஒரு முழம் நிலம் கிடைத்திருக்குமா?

பெண்களின் பங்கு பற்றி ஒன்று. 1787இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது, பின்னால் ஓஹையோ, இந்தியானா, இல்லினாய் எல்லாம் ஆன வடமேற்குப் பகுதிக்கு. உயில் இல்லாமல் செத்தால் பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு, மகன் மகள் வித்தியாசம் இல்லை. (அந்த நிலம் ஏற்கெனவே பூர்வகுடிகள் வாழ்ந்த நிலம், அவர்கள் எந்த உயிலும் எழுதிக் கொடுக்கவில்லை.) பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல், நாடு முழுக்க 2005இல். அப்படியானால் அங்கே பெண்கள் நம்மைவிட இருநூறு வருஷம் முன்னேறி இருந்தார்களா என்றால், உயில்களைப் படித்தால் தெரியும், மகனுக்கு நிலம், மகளுக்கு ஒரு பசுவும் படுக்கையும் கொஞ்சம் காசும். அவளுக்குத்தான் கல்யாணத்திலேயே கொடுத்தாயிற்றே என்று அதையும் கழித்துவிடுவார்கள். 'நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு' என்பது எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆயாவின் வீடு அவள் சொந்தச் சொத்து. அவள் ஒன்றும் எழுதாமல் போயிருந்தால் 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டது தன் பங்கு போகிற பத்திரத்தில்.

கடைசியாக ஒரு வழக்கு, சட்டம் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. நியூயார்க் மாநிலத்தில் செயின்ட் லாரன்ஸ் கவுன்ட்டி, கனடா எல்லை ஓரம். ஃபிரான்சிஸ் பால்மர் என்ற விவசாயி 1880 ஆகஸ்டில் உயில் எழுதினார். இரண்டு மகள்களுக்குக் கொஞ்சம், மற்றதெல்லாம் கூடவே வளர்ந்த பேரன் எல்மருக்கு, அவன் தன் தாயைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1882இல் கிழவர் மறுகல்யாணம் செய்துகொண்டார். கல்யாணத்துக்கு முன்பே அந்த அம்மாளுக்கு ஒப்பந்தம் எழுதினார், தான் முந்திப் போனால் அவள் ஆயுள் முழுக்க அந்தப் பண்ணையிலிருந்தே பராமரிப்பு, அது பண்ணையின் மீதே பொறுப்பு. உயிலை மாற்றப் போகிறார் என்று பயந்த எல்மர், பதினாறு வயது, தாத்தாவுக்கு விஷம் வைத்துக் கொன்றுவிட்டான். ஜெயிலுக்குப் போனான், ஆனால் உயில்படி பண்ணை எனக்குத்தான் என்றான். அத்தைகள் இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். சட்டத்தில் கொலைகாரன் வாரிசாகக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. 1889இல் நீதிபதி ராபர்ட் எர்ல், தான் செய்த குற்றத்தால் யாரும் லாபம் அடையக் கூடாது என்று தீர்ப்பு எழுதினார். நீதிபதி கிரே ஒத்துக்கொள்ளவில்லை, எழுதாத விதியைக் கோர்ட் சேர்க்க முடியாது என்றார். நம்ம 1956 சட்டத்தில் 25ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே எழுதிவிட்டது, கொன்றவனுக்குப் பங்கில்லை.

எல்லோரும் இந்த வழக்கில் எல்மரைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் அந்த இரண்டாம் மனைவியை நினைப்பேன். கல்யாணமாகிச் சில வாரங்களிலேயே புருஷன் போய்விட்டார், வீடு முழுக்கக் கொலை, கோர்ட், சண்டை. அவள் கையில் ஒரு காகிதம் இருந்தது. பண்ணை யாருக்குப் போனாலும் அவள் சாப்பாடு அந்த மண்ணோடு சேர்ந்தே போகும்.

இப்போது எங்கள் வீட்டு விஷயம். கொளத்தூர் வீடு அம்மா பெயரில் இருக்கிறது. அம்மாவுக்கு எழுபது வயது. தம்பி மேலே ஒரு மாடி கட்ட ஆசைப்படுகிறான். "உயிர் இருக்கும்போதே உங்க ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுத்துடறேன், உயில் அது இதுன்னு அப்புறம் கோர்ட்டுக்கு அலைய வேணாம்" என்றாள். சரி, எழுதலாம், ஆனால் நிபந்தனையோடு எழுதலாம் என்றேன். 2007இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆவது பிரிவு இருக்கிறது, பார்த்துக்கொள்கிறேன் என்ற நிபந்தனையில் சொத்து வாங்கிவிட்டுக் கைவிட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று சொல்ல வைக்கலாம், அதற்குக் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் போதும். பத்திரத்திலேயே நிபந்தனை எழுதியிருந்தால் அங்கே கை வலுக்கும். ஆயுள் பாத்தியம், தரைத்தள முன்னறை, சாப்பாடு, மருத்துவச் செலவு, இதெல்லாம் போடலாம் என்றேன்.

அம்மா முகம் மாறிவிட்டது. "உன்னையும் அவனையும் நம்பாம நான் எழுதி வாங்கணுமா?" ஆயா சொன்ன அதே தொனி. நான் விறகுக் கதையைச் சொன்னேன். தம்பியையும் உட்கார வைத்துச் சொன்னேன். எழுதி வைக்கிறதால் எங்கள் பாசம் குறையாது, நாங்கள் மறக்கிற மாசத்துக்கு அது என்றேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "எழுதிடுக்கா, எனக்கும் அதான் நல்லது" என்றான். அவனுக்கும் அந்த டிரங்குப் பெட்டி ஞாபகம் இருக்கிறது, இரண்டு மாடிக்கும் தூக்கிப் போனவன் அவன்தான்.

அம்மா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து நான் வேலைக்குக் கிளம்பி வண்டிக்காக வாசலில் நிற்கிறேன், பையைத் தோளில் மாட்டியாயிற்று. உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"ஏய், அந்தப் பத்திரத்துல வெந்நி எழுதினியா?"